மேட்டில் பேசிக்கொண்டே

அன்பு மகளுக்கு,

நாளைப் பந்தயத்தில் அப்பா மேட்டைக் கண்டதும் அடங்கி ஓடுவாரா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. மற்றபடி இங்கே இருவரும் சுகம், உன் இருமல் விட்டதா என்று எழுது. இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் ஓடும் முதல் பந்தயம், அதுவும் மூன்று மேடுள்ள பாதை. மூச்சு வாங்கும்படி ஓடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் டாக்டர் சம்மதித்தார். சமதளத்தில் இவர் ஒழுங்கு, மேடு வந்தால் யாரோ வம்புக்கு இழுத்ததுபோல் பாய்வார். ஏறும்போது ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிற வேகம் போதும், முடியாவிட்டால் நடக்கலாம், இறக்கத்தில் காலைத் தளர விட்டால் மேட்டில் போன நேரம் கொஞ்சம் திரும்பி வரும் என்று நீ போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற எனக்கு யார் சொன்னாலும் சந்தேகம்தான். அதைவிட, உப்பு வேண்டுமென்றால்கூடக் கையை மட்டும் நீட்டுகிற மனிதரைப் பேச வைப்பது யாரால் ஆகும்? ஆனால் நானும் அவரோடு பின்தெரு ஏற்றத்தில் ஓடிப் பழக ஆரம்பித்ததிலிருந்து வாய் திறக்கிறார். முதலில் கடைப் பலகைகளைப் படித்தார், பிறகு ஆபீஸ் வம்பு, போன வாரம், ஸ்டென்ட் வைக்கும் முன் நெஞ்சு அடைத்ததை என்னிடம் மறைத்தது ஏன் என்பது வரை வந்துவிட்டார். "உன்கிட்ட சொன்னா நீ நெட்ல தேடி இன்னும் பயமுறுத்துவே, அதான்" என்றார். வாஸ்தவம்தான். இந்தப் பேச்செல்லாம் உன்னால் எனக்குக் கிடைத்தது. போனில் நன்றி சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இருமலோடு ஓடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நல்லா இரு.

அம்மா

மறுநாள், தபாலில் சேர்க்கும் முன்: கூட ஓடிய என்னோடு பேசிக்கொண்டே இரண்டு மேடுகளை ஏறினார். மூன்றாவதில் அவர் ஆபீஸ் கேஷியர் எங்களைத் தாண்டிக்கொண்டே, "நிதானமா வாங்க சார், பந்தலைப் பிரிக்கிறதுக்குள்ள வந்தாப் போதும்" என்றார். அப்பாவின் பேச்சு நின்றது, கால் வேகம் பிடித்தது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. பாதி மேட்டில் அவராகவே நின்று, நான் வரும்வரை காத்திருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலி இல்லை, பேச வரலை, அதான் நின்னுட்டேன்" என்றார். மீதியை நடந்து ஏறினோம், இறக்கத்தில் ஓடினோம். முடிவிடத்துப் பந்தலில் கேஷியர் வெகுநேரம் முன்பே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா அவருக்குக் கை கொடுத்து வாழ்த்தினார். பக்கத்தில் நின்று அப்பாவின் மூச்சைக் கவனித்தேன். சீராக இருந்தது.