யார் முதலில் மோட்டாரை எடுப்பது

மாப்பிள்ளை,

இன்று டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில், எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒரு செய்தி. அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள், ஒன்றின் குண்டுக் கிடங்கை மற்றொன்று வந்து சோதித்துப் பார்க்க இனி விடப்போவதில்லையாம். நீ உயிரோடு இருந்திருந்தால் வடையை என் கையில் போட்டுவிட்டுத் தாளைப் பிடுங்கியிருப்பாய்.

குண்டுகள் ஒருநாள் ஒழியும் என்று திருச்செங்கோட்டுப் பக்கத்தில் நம்பியவன் நீ ஒருவன்தான். "எவனாச்சும் மொதல்ல கீழ வெக்கோணும் மாப்ள" என்பாய். எனக்குச் சிரிப்பு வரும். பழையதைக் காட்டிவிட்டுப் புதியதை மலைக்குள் பதுக்குவான்; யார் போய்ப் பார்ப்பது? இப்போதும் என் கேள்வி அதுதான்.

அந்த வறட்சி நினைவிருக்கிறதா? நம் இருவர் காட்டுக்கும் ஒரே வரப்பு. நீ ரிக் வண்டியைக் கூப்பிட்டு ஆழமாகக் குழாய்க்கிணறு போட்டால், நான் அதற்கும் கீழே போடுவேன். கடைசியில் ஊர்க் குடிநீர்க் குழாயில் காற்றுதான் வந்தது. மழை வரும்வரை இருவரும் மோட்டாரை வெளியே எடுத்துவிடுவதாகப் பேசினோம். உன் மஞ்சள் பயிர் நிற்கும்போதே நீ முதலில் எடுத்தாய். நான் ஏமாற்றியிருந்தால் உன் வெள்ளாமை மட்டும் போயிருக்கும்.

அப்போதும் நான் நம்பவில்லை. வரப்பில் கிடந்தது எரிந்துபோன பழைய மோட்டார் என்றே நினைத்தேன். கயிற்றில் கல்லைக் கட்டி உன் கிணற்றுக்குள் விட்டுப் பார்த்தேன். "நல்லாப் பாரு. நீ பாத்தாத்தான் எனக்கும் நிம்மதி" என்றாய். கல் எதிலும் இடிக்காமல் இறங்கியது. என் கிணற்றைப் பார்க்க நீ வந்தபோது மட்டும், "என்னையே சந்தேகப்படறயா?" என்று குதித்தேன். "ஆமா" என்றாய், சாதாரணமாக. ஒதுங்கி வழிவிட்டேன்.

இந்தக் கோடையிலும் ஊர்க்குழாய் வறண்டுவிட்டது. இந்தத் தடவை முதலில் எடுத்தவன் நான். உன் மகனிடம் போய்ச் சொன்னேன்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்க கெணத்த ஒருக்காப் பாத்துக்கறனுங்க" என்றான்.

சுருக்கென்றது. ஆனாலும் கூட்டிப் போனேன். கேமராவை உள்ளே இறக்கி நிதானமாகப் பார்த்தான். "நாளைக்கு நானும் எடுத்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

என் குச்சிக்கிழங்குப் பயிர் இப்போதே வாடத் தொடங்கிவிட்டது. அவன் எடுப்பானா என்று எனக்குத் தெரியாது. நாளை நானும் போய்ப் பார்க்கத்தான் போகிறேன். உன்னைப் போல நம்ப இன்றும் எனக்கு வரவில்லை, மாப்பிள்ளை. ஆனால் அவன் எடுக்காவிட்டாலும் என் மோட்டார் உள்ளே இறங்காது.