சம்மனசின் எதிர்ப்பாரம்

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது. நீர் கேலி செய்தாலும், இதோ:

1. கப்பியின் மணம்.
2. உம்முடைய எடை.
3. நீர் இறங்குவதற்கு நான் தேவைப்பட்டது.

முதலாவது. இன்று மாலை கோயில் வளவில் பாஸ்கா நாடக ஒத்திகை. பழைய கப்பிக்குக் கிறீஸ் பூசித் தரும்படி இளைஞர்கள் கேட்டார்கள். பூசினேன். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் அந்த மணம் நிற்கிறது. தோள் நோகிறது. இப்போதெல்லாம் இவ்வளவுதான் என்னால் முடிகிறது.

அந்த நாட்களில், ஒலிவத் தோட்டத்தில் யேசுவைத் தேற்ற வானத்திலிருந்து இறங்கும் சம்மனசு நீர். மீசையை வழித்துவிட்டு, வெள்ளை உடுப்போடு உயரப் பரணில் நிற்பீர். உமது இடுப்புக் கயிறு கப்பியின் மேலாக வந்து, கறுப்புத் திரைக்குப் பின்னால் என் இடுப்பில் முடியும். நீர் என்னைவிடச் சற்றே பாரம். ஆகவே பரணிலிருந்து காலெடுத்தால் விழமாட்டீர், மெல்ல இறங்குவீர். அதே வேகத்தில் நான் ஏறுவேன். வகுப்பில் நான் கரும்பலகையில் கீறிக் காட்டும் கணக்குத்தான். "மற்றப் பக்கம் விஞ்ஞான வாத்தி தொங்குறார் எண்டு தெரிஞ்சால் சனம் அழுமே?" என்பீர்.

நான் உயரத்துக்குப் பயந்தவன். ஆனாலும் மேலே போனதும் திரைக்கு மேலாகக் கடல் தெரியும். பொழுதுபடும் நேரம், காரைநகர்ப் பக்கம் வெளிச்சங்கள். ஒருமுறை அதைக் கூச்சத்தோடு உமக்குச் சொன்னேன். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் உடுப்பைக் கழற்றமுன் கேட்பீர்: "இந்தமுறை என்ன தெரிஞ்சது, மாஸ்ரர்?"

இரண்டாவது. கடைசி ஆண்டு ஒத்திகையில் நீர் காலெடுத்தீர், இறங்கவில்லை. அந்தரத்தில் நின்றீர். என் பாதமும் நிலத்தை விடவில்லை. கப்பி இறுகிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் மெலிந்து துருத்திய உமது காறை எலும்பு கண்ணில் பட்டது. பெரியாஸ்பத்திரியில் சொன்னதை அப்போதுதான் என்னிடம் சொன்னீர். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றீர்.

தவக்காலம்தானே, ஒருநேரச் சாப்பாட்டோடு நானும் மெலிகிறேன் என்றேன். "ரெண்டு பேரும் மெலிஞ்சால் கயிறு ஆரைத் தூக்கிறது? பேசாமல் சாப்பிடும்."

எனக்குப் பதிலாக மணல் மூட்டை கட்டலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். நீர் விடவில்லை. "மாஸ்ரர் இல்லாமல் எனக்கு இறங்க ஏலாது." வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கோத்து, உடுப்புக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டினீர். அந்தப் பாரத்தோடு ஏணியில் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறினீர். இறங்கினீர். நான் ஏறினேன்.

ஈயத்தை அவிழ்க்கமுன் வழக்கமான கேள்வியைக் கேட்டீர்.

"ஒண்டும் பாக்கேல்லை. உம்மைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"அப்ப வீணாய்ப் போச்சு," என்றீர். பகிடி என்று எண்ணினேன். அடுத்த பாஸ்காவுக்கு நீர் இல்லை.

மூன்றாவது. இன்று என் இடத்தில் மணல் மூட்டை தொங்கியது. மணலை அளவாகப் போட்டிருந்தார்கள். புதிய சம்மனசு சிறு குலுக்கமும் இல்லாமல் இறங்கியது. அன்றும் உமது எடைக்குத் தக்கபடி மணல் கட்டியிருந்தால் ஈயமே வேண்டியிருந்திராது. வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும் கணக்கு இது. நான் போட்டுப் பார்க்கவே இல்லை. உமது வசனம் வந்தபோது, கதிரையில் உட்கார்ந்திருந்த என் குதிக்கால்கள் மட்டும் தாமாக உயர்ந்தன.

வரிசையில் மூன்றாவதாக நான் எழுதியது பிழை. நீர் இறங்குவதற்கு நான் தேவைப்படவில்லை. நான் ஏறவேண்டும் என்றுதான் நீர் ஈயம் கட்டினீர்.