ரோட்டுக்குப் போட்ட கட்டு

ஏட்டி,

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். குழியில் ரத்தம் நிற்கக் காஸ் துணியை மடித்து வைத்து, அரை மணி நேரம் கடித்தபடியே இருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். துணி வாய்க்குள் போனதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. அதே வெளுப்பு வாடை. பேண்டேஜ் யூனிட்டில் மடிப்பு வேலை முடிந்து வரும்போது உன் சேலையிலும் தலைமுடியிலும் அதுதான் அடிக்கும். உன்னைப் போய் அரை மணி நேரம் பேசாமல் இரு என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். வாயில் துணியோடு சிரிப்பு வந்தது, வலித்தது.

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நெடுஞ்சாலை ஆபீசில் நாளை நடக்கும் கூட்டத்தைப் பற்றிய யோசனை. நாளைதான் நம் ஓடைப்பாலம் பேச்சுக்கு வருகிறது. நீ இல்லாமல் நான் மட்டும் எழுந்து பேச வேண்டும்.

அந்தப் பாலத்தில் நாம் எத்தனை முறை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்போம். நம் தெருவிலிருந்து யூனிட்களுக்குப் போகும் ரோட்டை இருபுறமும் அகலமாக்கியவர்கள், பாலத்தை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். நாம் நடந்துபோன மண் ஓரமும் தாராகிவிட்டது. பஞ்சு லாரி வந்தால் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இறங்கி நிற்கக்கூட இடமில்லை.

நான் கட்டட இன்ஜினியர் ஒருவரின் ஆபீசில் பிளான் வரைகிறவள். ஒரு நாள் சாயங்காலம் நேரே அங்கே வந்து நின்றாய். "ஊர்ல உள்ள வீட்டையெல்லாம் வரையுத. வீட்டுக்குப் போற வழிய யாருட்டி வரைவா?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. பழைய பாலத்தை ஒட்டி, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமாக ஒரு சின்னப் பாலம், அதற்குப் போக இருபுறமும் கல் கட்டி மேடாக்கிய பாதை என்று வரைந்து காட்டினேன். தாளில் நன்றாகத்தான் இருக்கிறது, ரோட்டில் போட்டுப் பார்ப்போம் என்றாய்.

எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிறவள் நீ. மறுநாளே உன் யூனிட் முதலாளியிடம் கேட்டு, நெசவில் பழுதான காஸ் துணியைச் சுருள் சுருளாக வாங்கி வந்துவிட்டாய். காலை ஷிப்டுக்கு ஆட்கள் வரும் நேரம். பாலத்துக்கு முந்தைய ரோட்டோரத்தில் துணியை நீளமாக இழுத்து, செங்கல்லை வைத்து, பாதைக்கு எல்லை கட்டினோம். டவுன் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டி, ரோட்டுக்கு அடி பட்டுவிட்டதா என்று கேட்டார்.

"ஆமாண்ணே, கட்டுப் போடுதோம். செத்த தள்ளிப் போங்க" என்றாய் நீ. அவரும் சிரித்துக்கொண்டே தள்ளித்தான் போனார்.

நம் பாதை அதற்குப் பிறகு வெகுநேரம் நிற்கவில்லை. கேரியரில் துணிப்பொதி கட்டிய ஒருவர் சைக்கிளில் வந்தார். பொதி இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றதில் துணி மாட்டிக்கொண்டது. அவருக்குத் தெரியவில்லை, நம் பாதை முழுவதையும் வால்போல இழுத்துக்கொண்டு போனார். நீ கத்திக்கொண்டே பின்னால் ஓடினாய். நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நாம் இருவருமே சைக்கிளை நினைத்தோமே தவிர, இந்த ஊர்ச் சைக்கிளில் பொதி இருக்கும் என்பதை மறந்துபோனோம்.

அதோடு விட்டாயா? ஷிப்டு முடிந்து போகிற பெண்களைப் பார் என்றாய். இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டு போனார்கள். "ஒருத்தி பின்னால ஒருத்தி போக நாம என்ன எறும்பாட்டி?" என்றாய். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே நடக்க, பொதி ஏற்றிய சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போக வேண்டும். இன்றைக்கும் என் பிளானில் இருப்பது அந்த அகலம்தான்.

அந்தப் பிளானை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஆபீஸ் படி ஏறினோம். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "அந்த எடத்துல சாவு ஏதும் விழுந்திருக்காம்மா?" சாவு விழுந்த இடத்துக்குத்தான் முதலில் வேலை ஒதுக்குவார்களாம். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இன்னும் விழல சார். அதுக்குத்தான் வந்திருக்கோம்."

அவர் பிளானை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அதன் பிறகும் என்னை இழுத்துக்கொண்டு அங்கே போய்க்கொண்டே இருந்தாய். அப்புறம் ஒரு நாள், வேலை முடிந்து வந்து, உன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவள் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்பும்போதே ஊர் வேறு கதை பேசத் தொடங்கியிருந்தது. பாலத்தில் லாரி இடித்துவிட்டதாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இன்று பஸ்ஸில் நம் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாலத்துக்காக நம்மோடு அலைந்தவர்தான், நல்ல மனசுதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தங்கச்சி. அவிய அந்தப் பாலத்துல அடிபட்டுத்தான் இறந்தாகன்னு. ஊரே அப்படித்தான பேசுது? காரியம் முடிஞ்சுரும்."

வாயில் துணி. நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தானே சாட்சி சொல்வதாகவும் சொன்னார். உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஒரு பொய்தானே, எத்தனை பிள்ளைகள் பத்திரமாக வீடு போவார்கள் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. நாளை இன்னொரு தெருவிலிருந்து பாதை கேட்டு ஒருத்தி வருவாள். அவளிடமும் இதைத்தான் கேட்பார்கள். அவள் பிணத்துக்கு எங்கே போவாள்?

அரை மணி நேரம் ஆகவில்லை. துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"இல்லண்ணாச்சி. அவ அந்தப் பாலத்தத் தாண்டி வீடு வந்து சேந்துட்டா. எல்லாரும் அப்படி வந்து சேரணும்னுதான் கேக்கோம். பொய் வேண்டாம்."

உதட்டில் ரத்தம் வந்திருக்க வேண்டும். அண்ணாச்சி பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இறங்கும்போது, நாளைக்குக் கடையை அடைத்துவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார்.

அன்றைக்கு அந்தப் பொதிச் சைக்கிள் இழுத்துப்போன துணியில் மிச்சமிருந்த சுருளை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். அதில் டயர் மண் இன்னும் போகவில்லை. நாளைக் கூட்டத்தில் முடிவு எடுக்காமல் தள்ளிவைத்தார்கள் என்றால், மறுநாள் ஷிப்டு நேரத்தில் மறுபடியும் ரோட்டில் கட்டுப் போடுவேன். நீ பேசியது போல எனக்குப் பேச வராது. வாய் வேறு வீங்கியிருக்கிறது. ஆனாலும் சாவு விழுந்திருக்கிறதா என்று கேட்டால், நீ சொன்னதையே சொல்வேன்.

இன்னும் விழவில்லை. அந்த 'இன்னும்' இருக்கும்போதே பாலம் வந்தாக வேண்டும், ஏட்டி.