சிரிக்காவிட்டால் இன்னும் உயரமாக

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அத்தான் பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஊர் ஊராகச் சுற்றி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

எல்லா வகை மனிதர்களுக்கும் இடம் கொடுத்த குறும்படம் என்று சொல்லி உனக்குப் பரிசு கொடுத்தார்களாமே. அத்தான் நீ பரிசு வாங்கும் போட்டோவைப் பெரிதாக்கித் தன் செல்போன் ரிப்பேர் கடையில் மாட்டியிருக்கிறார். ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறினார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

நம் வீட்டு மெத்தையை விரித்து, தக்காளி சாஸை ரத்தமாக்கி நீ எடுத்த படம். என் இடுப்பளவே உள்ள உன் அத்தான் நாலு அடியாட்களைப் புரட்டி எடுத்ததற்குப் படப்பிடிப்பு அன்று தெருவே கைதட்டியது. படத்தில் அது இல்லை. "சண்டை நீளமாயிடுச்சு அத்தான், வெட்டிட்டேன்" என்றாய். கதாநாயகன் அவரைத் தூக்கிக் குப்பை டிரம்முக்குள் போடுவது மட்டும் மிஞ்சியது. "காமெடி நல்லா வந்திருக்கு" என்று அவரும் சொன்னார்.

இப்போது தெருவில் அவருக்குப் பெயர் டிரம். பெயரோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் கடைவாசலில் இரண்டு பேர் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். இன்னொருவன் போனில் படம் எடுத்தான். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். வீட்டில் நான் சத்தம் போட்டதும், "சிரிக்கலேன்னா இன்னும் உயரமா தூக்குறாங்கடி" என்றார். இது முதல் தடவை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதெல்லாம் சுற்றுவழியில்தான் வீட்டுக்கு வருகிறார். விலாவில் கன்றிப் போயிருக்கிறது. கேட்டால், கதவில் இடித்துக்கொண்டாராம். போலீசுக்குப் போகலாம் என்றேன். அவர்களும் படத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்றார்.

பாப்பாவுக்கும் அப்பா உயரம்தான் வரும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். திங்கட்கிழமை அவளைக் கூட்டிவரப் போனால், அந்த மூன்று பேரும் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. ஒருவன் மட்டும் குனிந்து, "பாப்பா, நீ எவ்வளவு வெயிட் இருப்பே?" என்று கேட்டான். அவள் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் பாகத்தில் அவளுக்கும் ஒரு வேஷம் வைத்திருக்கிறாயாம். அத்தான் சொல்லவில்லை, பாப்பாதான் உளறினாள். தினமும் அவளை மெத்தையில் தூக்கிப் போட்டு, விழும்போது கழுத்தை எப்படி மடக்க வேண்டும் என்று பழக்குகிறார். படத்துக்கா, தெருவுக்கா என்று கேட்டேன். அவளை மறுபடி தூக்கிப் போட்டார்.

நீ வேண்டுமென்று எதையும் செய்கிறவன் இல்லை. ஆனால் நீ கேட்டால் அவர் மறுக்க மாட்டார். அவளும் மாட்டாள், தாய்மாமன் என்றால் அவளுக்கு உயிர். அதனால் நீ கேட்காதே.

நிறையப் படம் எடு. பேரும் புகழுமாக இரு. என் குழந்தை மட்டும் அதில் வேண்டாம்ப்பா.

உன் அக்கா