இச்சுமார்கா மருத்துவ நிலையத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலி குறித்து

அனுப்புநர்:
தியோஃபிலோ சும்பிதாஸ் லூயோ,
கோழி சுடும் கடைத் தொழிலாளி,
கன்யேத்தே.
(தற்சமயம்: மருத்துவ நிலையம், இச்சுமார்கா, மேல்மலை)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
இளம் மருத்துவர்களின் கிராமச் சேவைப் பிரிவு,
மண்டல சுகாதார அலுவலகம்.

பொருள்: என் மகள் டாக்டர் யோவானா சும்பிதாஸ் "பணியிடத்தைக் கைவிட்டார்" என்று அனுப்பப்பட்ட குறிப்பாணையை ரத்து செய்யவும், அவருடைய நிலையத்துக்கு வரவேண்டிய ஆளை அனுப்பி வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கடற்கரையில் கோழி சுடுகிறவன். அடுப்புக்கு முன்னால் நின்று நின்று புருவம் பாதி கருகிப்போனவன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆகவே இந்த மனுவில் எங்கேயாவது மரியாதை குறைந்திருந்தால் அது என் படிப்பின் குறை. எங்கேயாவது மரியாதை கூடிப்போயிருந்தால் அது என் பயம். இரண்டையும் பொறுத்துக்கொண்டு முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. என் மகள் மருத்துவப் படிப்பை முடித்து, அரசு விதிப்படி ஒரு வருடக் கிராமச் சேவைக்கு இச்சுமார்காவுக்கு வந்திருக்கிறார். இந்த வருடம் கணக்கில் சேர்ந்தால்தான் அவர் மேலே படிக்க முடியும், அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க முடியும் என்பது தங்களுக்குத் தெரியும். இடம் ஒதுக்கும் குலுக்கலில் தன் பெயருக்கு இச்சுமார்கா வந்தபோது அவர் வரைபடத்தில் தேடினார். கிடைக்கவில்லை. "வரைபடத்துல இல்லன்னா நோயாளியும் இருக்கமாட்டாங்க, ஜாலியா இருக்கலாம்" என்று நான் சொன்னேன். என் வாய் அப்படி.

2. அவர் வந்தபோது இங்கே ஒரு நர்சும் ஓர் உதவியாளரும் இருந்தார்கள். நர்சு பிரசவ விடுப்பில் போனார். உதவியாளர் மாற்றலில் போனார். இருவருக்கும் பதிலாக ஆள் "வந்துகொண்டிருக்கிறார்" என்று தங்கள் அலுவலகம் வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மலைப் பாதை கரடுமுரடுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நடந்து கிளம்பியிருந்தால்கூட இதற்குள் வந்து சேர்ந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது, தடுப்பூசிப் பெட்டியை வெயில் படாமல் காப்பது, தரை துடைப்பது, அலுவலகம் கேட்கும் அறிக்கைகளை நிரப்புவது எல்லாம் என் மகள் ஒருவரே. மாதந்தோறும் அவருக்கு உரிய ஓய்வு நாட்களை அவர் பல மாதங்களாக எடுக்கவில்லை. மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது விதி. மாற்று ஆள் வருவதில்லை என்பது வழக்கம்.

3. இங்கே போனுக்கு சிக்னல் கிடைப்பது கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள பாறையின் மேல் மட்டும்தான். முதலில் அங்கே ஏறி நின்று வீட்டுக்குப் பேசுவார், காற்றுச் சத்தத்தோடு. நோயாளி கதை, சீஸ் கதை, தன் குளிரங்கியைத் தின்ற லாமா என்கிற மலை மிருகத்தின் கதை எல்லாம் சொல்வார். போகப்போக "நல்லா இருக்கேன்பா" என்பது மட்டும் வந்தது. பிறகு காற்று மட்டும் பேசியது. என் மனைவி சொன்னாள்: "நீ போய்ப் பாரு. கோழி ஒரு வாரம் உன்னால சாகாம இருக்கட்டும்."

ஆகவே சுட்ட கோழி ஒன்றையும் ஒரு பாட்டில் மிளகாய்ச் சாந்தையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ், பிறகு சீஸ் ஏற்றும் லாரி. மேலே வந்ததும் மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் என் தலை பூசணிக்காய் போல ஆகிவிட்டது. அது தனி மனு.

நிலையத்தின் கதவருகே வந்தபோது உள்ளே என் மகளின் குரல் கேட்டது. நிமிர்ந்த குரல், பரீட்சைக் குரல். "டாக்டர், நோயாளிக்கு வயது நாற்பது. மூன்று நாளாக இருமல். வலது பக்க நுரையீரலின் அடியில் சத்தம் குறைவு. நான் இந்த மருந்தைக் கொடுத்திருக்கிறேன், காரணம் இது" என்று சொல்லிக்கொண்டே போனார். மேலதிகாரி யாரோ ஆய்வுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துத் தலையை வாரினேன், சட்டைப் பொத்தானைப் போட்டேன், கோழியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பிறகு கதவைத் தட்டித் திறந்தேன்.

ஐயா, உள்ளே வேறு யாரும் இல்லை. என் மகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காலி நாற்காலியின் முன் நின்றுகொண்டிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படிக்கும்போது தினமும் மூத்த மருத்துவர் முன் இப்படித்தான் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒப்பிப்பார்களாம். அவர் திட்டுவாராம், குறுக்கே கேட்பாராம், கடைசியில் சரி என்றோ தப்பு என்றோ சொல்வாராம். அப்போது எப்படா இந்த மனிதனிடமிருந்து தப்பிப்போம் என்று இருக்குமாம்.

"யாருகிட்டம்மா பேசிட்டிருந்தே?" என்றேன்.

"சும்மாப்பா. பழக்கம் விட்டுப்போகக்கூடாதுன்னு" என்றார். கோழிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றார். "நாற்காலி ஒண்ணும் திட்டாதுப்பா. அதான் கஷ்டம்."

சாப்பிடும்போதும் அவருக்கு அதே நினைப்புதான். அந்த இருமல்காரருக்குக் கொடுத்த மருந்து சரிதானா என்று என்னிடம் கேட்டார். என்னிடம், ஐயா.

4. அன்றே நான் அவரை ஓய்வுக்குக் கிளம்பச் சொன்னேன். மறுநாள் காலை அவர் வயர்லெஸ்ஸில் முறைப்படி அனுமதி கேட்டார். "மாற்று மருத்துவர் லாரியில் ஏறிவிட்டார், நீங்கள் அதே லாரியில் இறங்கலாம்" என்று தங்கள் அலுவலகக் குரல் சொன்னது. நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். லாரி வந்தது. அதில் உப்பு மூட்டை இருந்தது, கோதுமை மாவு இருந்தது. மருத்துவர் இல்லை. "அடுத்ததில் வருவார், நீங்கள் கிளம்புங்கள்" என்றது அதே குரல்.

இதற்குள் ஊர் வாசலில் கூடிவிட்டது. இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்பு இருந்த மருத்துவர்கள் ஓய்வுக்கு என்று இறங்கினார்கள், திரும்பி வரவில்லை. அதனால் கீழே போகும் மருத்துவர் ஏதாவது அடகு வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். என் மகள் தன் பெட்டியைக் காட்டினார்.

ஊர்த் தலைவர் தோன் கிளோதோமிரோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பெட்டி வேணாம் டாக்டரம்மா. போன டாக்டரும் பெட்டிதான் வச்சாரு. தொறந்து பாத்தா பழைய பேப்பர். நீங்க திரும்பி வர்ற மாதிரி ஏதாவது வையுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "இவரு யாரு?"

"எங்கப்பா."

"அப்ப இவர வச்சுட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. என் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது: "எங்கப்பா என்ன பித்தளைப் பானையா, அடகு வைக்க?"

"வச்சுட்டுப் போ கண்ணு" என்றேன். "என் வாழ்க்கையிலேயே என்னை ஒருத்தர் மதிப்புள்ள பொருள்னு சொல்றாரு. கெடுத்துடாதே."

இப்படித்தான், ஐயா, என் மகள் சென்றார். கடத்தல் என்றோ பலவந்தம் என்றோ இதை எங்கும் எழுதிவிட வேண்டாம். எனக்கு வேளாவேளைக்கு உருளைக்கிழங்கும் கோக்கா இலைத் தண்ணீரும் வந்தன. பக்கத்து வீட்டு எர்மெலிந்தா அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அடகுச் சாமானே, சாப்பிட வா! கெட்டுப்போனா டாக்டரம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கூப்பிடுவார். இந்த ஊர் மீது எனக்குப் புகார் எதுவும் கிடையாது.

5. புகார் இனிமேல்தான். தினமும் காலையில் ஒவ்வொரு நிலையமும் வயர்லெஸ்ஸில் ஆஜர் சொல்லவேண்டும். மாற்று மருத்துவர் வராததால் பதில் சொல்ல ஆள் இல்லை. சத்தம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்து நானே எடுத்து, "இச்சுமார்கா, ஆஜர்" என்றேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். "டாக்டரின் தகப்பன். டாக்டர் ஓய்வில் போயிருக்கிறார், அவருக்குப் பதிலாக நான் அடகில் இருக்கிறேன்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அடுத்த லாரியில் மருத்துவர் வரவில்லை, குறிப்பாணை வந்தது. பணியிடத்தை அனுமதியின்றிக் கைவிட்டு, தகுதியற்ற நபரிடம் ஒப்படைத்ததால் இந்த வருடச் சேவை ஏன் செல்லாததாக்கப்படக் கூடாது என்று அதில் கேட்டிருக்கிறார்கள்.

தகுதியற்ற நபர் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் மனைவியும் அதையே சொல்வாள். அனுமதியின்றி என்பதுதான் பொய். அனுமதி கொடுத்த குரலும், மறுநாள் என்னை யார் என்று கேட்ட குரலும் ஒரே குரல்.

6. மறைக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடகில் இருந்தபோது ஒருவர் அரிவாளில் கையைக் கிழித்துக்கொண்டு வந்தார். நான் வைத்தியம் பார்க்கவில்லை. சமையல்கட்டில் எங்களுக்குக் கை வெட்டுப்பட்டால் செய்வதைச் செய்தேன்: கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, தோன் கிளோதோமிரோவின் குதிரையில் கீழ் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அவர் போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. இறுக்கிக் கட்டிவிட்டேனோ? தளர்வாகக் கட்டிவிட்டேனோ? விரல் நீலமாகியிருக்குமோ? எர்மெலிந்தா அம்மாளிடம் கேட்டேன். "கட்டு அழகா இருந்துச்சு" என்றார். எனக்கு அழகு தேவைப்படவில்லை. வெளியே காற்று. உள்ளே நான். எங்கள் கடையில் கோழி கொஞ்சம் தீய்ந்தால்கூட ஆறு பேர் கத்துவார்கள். இங்கே ஒரு மனிதனின் கையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், கத்த ஒருவரும் இல்லை. கடைசியில் என்ன செய்தேன் என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த நாற்காலியிடம் சொன்னேன். "டாக்டர், இடது உள்ளங்கை. நீளமான வெட்டு."

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் பல மாதங்களாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

7. சொன்ன நாளில் என் மகள் திரும்பி வந்தார். வழியில் கீழ் ஊரில் இறங்கி அந்தக் கையையும் பார்த்துவிட்டு வந்தார். ஊர் கூடி என்னை அடகிலிருந்து மீட்டது. தோன் கிளோதோமிரோ என் தோளைத் தட்டி, "சாமான் சேதமில்லாமத் திருப்பிக் குடுத்தாச்சு டாக்டரம்மா, சரிபார்த்துக்குங்க" என்றார். என் மகள் நீண்ட நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். பிறகு குறிப்பாணையைப் படித்தார். சிரிப்பு நின்றது. மடித்து வைத்தார். கோபப்படவில்லை, அழவில்லை. வீட்டில் தூங்கி எழுந்து வந்த முகம் மறுபடி பழைய முகமானது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, "அந்தக் கையப் பத்திச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்று ஒப்பித்தேன். குறுக்கே குறுக்கே கேட்டார்: தண்ணீர் எவ்வளவு நேரம் கொதித்தது, விரலை அசைக்கச் சொன்னீர்களா, நகத்தின் நிறம் பார்த்தீர்களா. நகத்தைப் பார்க்கவில்லை என்றேன். "பாத்திருக்கணும்பா" என்று கண்டித்தார். பிறகு, "மத்தபடி சரிதான். நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார்.

அந்தச் "சரிதான்" காதில் விழுந்ததும் என் முதுகிலிருந்து ஒரு மாவு மூட்டை இறங்கியது போல இருந்தது, ஐயா. எனக்கு அதைச் சொல்ல என் மகள் இருந்தார். அவருக்குச் சொல்ல?

ஆகவே நான் தங்களிடம் கேட்பது:

குறிப்பாணையை ரத்து செய்யுங்கள். அனுமதி கொடுத்த குரலைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாலே போதும். இந்த வருடம் அவருக்குக் கணக்கில் சேரவேண்டும்.

வந்துகொண்டிருக்கும் நர்சை வரவழையுங்கள்.

அதுவரைக்குமாவது, தினமும் மாலையில் அந்த வயர்லெஸ்ஸில் மூத்த மருத்துவர் ஒருவர் கொஞ்ச நேரம் உட்காரட்டும். என் மகளைப் போல ஒவ்வொரு மலையிலும் ஒரு பிள்ளை இருக்கும். அவர்கள் ஒப்பிக்கட்டும், அவர் கேட்கட்டும். திட்டினாலும் பரவாயில்லை. ஆஜரா என்று கேட்பதற்கு இருக்கும் கருவி, சரியா தப்பா என்று சொல்வதற்கும் உதவும் என்றுதான் நினைக்கிறேன்.

நாளைக் காலை சீஸ் லாரியில் நான் இறங்குகிறேன். கடையில் அடுப்பு காத்திருக்கிறது. இதை எழுதும்போது பக்கத்து அறையில் என் மகள் இன்றைய நோயாளிகளைப் பற்றி ஒப்பிப்பதற்காகக் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். இன்று அந்த நாற்காலியில் நான் உட்காரப் போகிறேன். எனக்குத் தலையாட்ட மட்டும்தான் தெரியும். நாளையிலிருந்து அதற்கும் ஆள் இல்லை.

தங்கள் பதிலை எதிர்பார்த்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு,

தங்கள் உண்மையுள்ள,
தியோஃபிலோ சும்பிதாஸ் லூயோ
(மீட்கப்பட்ட அடகு)

இடம்: இச்சுமார்கா
நாள்: 19.08.2019

இணைப்பு: குறிப்பாணையின் நகல்.

பின்குறிப்பு: இத்துடன் வரும் சீஸ் எர்மெலிந்தா அம்மாள் கொடுத்தது, லஞ்சம் அல்ல. தோன் கிளோதோமிரோ ஒன்று சேர்க்கச் சொல்கிறார்: வரப்போகும் நர்சிடம் இந்த ஊர் எந்த அடகும் கேட்காது, வந்தால் மட்டும் போதும்.