பை முதலில் கிளம்பியது

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. எதிர்வீட்டு மாமரம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்பது மணிக்குத்தான் வெயில்.

கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன். போட்டதும் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. சரி, போகட்டும்.

நான்கு வரி எழுத மூன்று சாயங்காலம் ஆனது. எழுதியது மறக்காமல் இருக்க இங்கேயும்:

அமுதா, அப்பா எழுதுகிறேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. உன்னைப் பார்க்க வரலாமா. சென்னையில் கடல் இருக்கிறதாமே, அதையும் பார்க்க வேண்டும்.

கடைசி வரி வேண்டியதில்லை. தாளில் இடம் மிச்சம் இருந்தது.

என் மகள் வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஏழு வருடம். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றேன். அவள் மிதிக்கவில்லை. சொன்னதைக் கேட்கிற பெண்.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் எழுதினேன்? பொங்கல் கழிந்து ஒரு நாள் பெண்டாட்டி மாதம்மாவின் போன் அடித்தது. அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். அ. மு. தா. மூன்றும் சாயங்கால வகுப்பில் படித்த எழுத்து. இருந்த இடத்திலேயே போனை வைத்துவிட்டேன்.

ஏழு வருடமாக அந்தப் பெயர் என் கண்ணெதிரே எரிந்து அணைந்திருக்கிறது. மறைக்கக்கூட இல்லை. யாரிடம் மறைப்பது, வீட்டில் இருந்தவன் கைநாட்டு.

பிறகு டிரங்குப் பெட்டியில் தேடினேன். பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகை. மூன்று வருடத்துக்கு முன் தபாலில் வந்தது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல அப்போது வாய் வரவில்லை. கிழிக்கவும் கை வரவில்லை. இப்போது நானே படித்தேன், ஒரு மணி நேரம். கீழே விலாசம். மேலே தாத்தா என்று போட்டு, என் பெயர். அச்சில். அப்பா பெயர் முதல் எழுத்தோடு.

பிப். 11, புதன்

பகலில் வெயில் சுள்ளென்று. புளி உலுக்க ஆள் வந்தார்கள். மூன்று மரம் முடிந்தது.

பதில் இல்லை. இன்னும் கடிதமே போய்ச் சேர்ந்திருக்காது என்றார் டீச்சர். சாயங்கால வகுப்பு நடத்துகிற பெண், வயது இருபத்தி மூன்று. எங்களுக்கு எல்லாம் அறுபதுக்கு மேல்.

கோவிந்தன் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறான். வீடும் பக்கத்து வீடு. அவன் எழுத்து பூசணிக்காய் அளவு. ஒரு பக்கத்துக்கு நான்கு வார்த்தை.

"என்ன மச்சான், டைரி எல்லாம் எழுதற. கலெக்டர் ஆவப் போறியா?"

"நீ மொதல்ல உன் பேரை ஒரே வரியில எழுது."

"என் பேரு பெருசு, வரிதான் சிறுசு."

வகுப்பே சிரித்தது.

இனி மாதம்மாவுக்கு மா., கோவிந்தனுக்கு கோ. முழுசாக எழுதினால் கை வலிக்கிறது.

மா.விடம் கடிதம் பற்றிச் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் அவளுக்கும் சேர்த்து வலிக்கும்.

பிப். 13, வெள்ளி

மா. சங்கத்துக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள். போன் அடித்தது. அ. மு. தா. பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

"அம்மா?"

"நான்தான்."

ஒரு பஸ் போகிற சத்தம் மட்டும் அந்தப் பக்கம். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"லெட்டர் வந்துச்சுங்க. யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"நான்தான் எழுதினன்."

"நெசமாவா?"

"கோணல் மாணலா இருக்குதில்ல? வேற யாரு அப்பிடி எழுதுவாங்க."

அப்புறம்: "அடுத்த சனிக்கிழமை வாங்க. எனக்கு லீவு. சென்ட்ரல்ல வந்து நிக்கறன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

வாங்க என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. முதலிலிருந்து கடைசி வரை நினைத்துப் பார்த்தேன், ஒரு இடத்திலும் இல்லை. போகட்டும். வாங்க என்றாளே. அது போதும். இன்றைக்குப் போதும்.

இரண்டு தட்டு சோறு தின்றேன்.

பிப். 14, சனி

மா.விடம் சொன்னேன். கோலப்பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். பிறகு எனக்குத்தான் திட்டு.

"பேரைப் படிச்சிட்டு ஒரு மாசமா கம்முனு இருந்தீங்களா?"

"நீ ஏழு வருசமா கம்முனு இருந்தியே."

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். அஞ்சு வருடம் முன்பு சிவப்புச் சேலைக் கூட்டத்தோடு கோயிலுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தாளே, அப்போது சென்னைக்கும் போயிருக்கிறாள். குழந்தையைத் தூக்கியிருக்கிறாள். எனக்குக் குங்குமம் மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள்.

கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பெண் தனியாக இல்லை, தாய் ஒருத்தி போய்ப் பார்த்திருக்கிறாள். நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியது.

"அப்ப கடலைப் பாத்தியா?"

"பாத்தன்."

"எப்பிடி இருந்துது?"

"பெருசா இருந்துது. காலை நனைச்சிட்டு வந்துட்டன்."

இவ்வளவு பெரிய சங்கதியை அஞ்சு வருடம் வயிற்றில் வைத்திருந்திருக்கிறாள்.

மாடு நிறைமாத சினை. அதனால் மா. வரமுடியாது. நான் மட்டும். சனி போய் ஞாயிறு இருந்து திங்கள் திரும்புவது.

ஒரு சிக்கல். மா. காலண்டரைக் கொண்டுவந்தாள். சனிக்கிழமை கிழக்கே சூலம். சென்னை கிழக்கு.

"வேற நாள் சொல்லுங்க அவகிட்ட."

மாட்டேன் என்றேன். வாங்க என்ற வாயை வேறு நாள் கேட்டுக் குழப்ப மாட்டேன். சூலம் குத்தினால் குத்தட்டும்.

"உங்களுக்கு என்ன, குத்துப்பட்டா நான்தான தனியா நிக்கணும்."

காலண்டரை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

பிப். 16, திங்கள்

பொம்மிடி போய் டிக்கெட். பஸ்ஸில் ஏறும் முன் பலகையை நானே படித்தேன். பக்கத்தில் நின்றவர் "இது பொம்மிடி போகுமா பெரியவரே?" என்று என்னைக் கேட்டார். என்னை! போகும் என்றேன். ரொம்ப சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

சனி காலை வண்டி. ஜன்னல் ஓரம் கேட்டேன், கிடைத்தது. பாரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். மை தடவவில்லை. பின்னால் வரிசை நின்றது, பரவாயில்லை, நின்றார்கள்.

சூலத்துக்கு மா. வழி கண்டுபிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பினால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. சனிக்கிழமை நான் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்வது மட்டும்தான். சூலத்துக்கு அதுகூடத் தெரியாதா என்றேன். முறைத்தாள்.

பிப். 18, புதன்

பையில் வைக்க வேண்டியது:

கேழ்வரகு மாவு, 2 படி
புளி, இந்த வருடப் புளி, கொட்டை எடுத்தது
நிலக்கடலை. அமுதா பச்சையாகவே தின்பாள். இப்போது?
அவரைக்காய், வெள்ளி காலையில் பறிக்க
பேத்திக்கு: தெரியவில்லை. மா.வைக் கேட்க
மருமகனுக்கு: வேட்டி (மா. சொன்னது. நான் முதலில் எழுதவில்லை. எழுதிவிட்டேன்)
டிக்கெட், ஆதார், கண்ணாடி
பத்திரிகை, விலாசத்துக்கு

அவளைப் பார்த்ததும் சொல்ல வேண்டியது: இதற்குப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை.

டீச்சர் சொன்னது: கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.

பிப். 20, வெள்ளி

கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். அதனால் பெரிய எழுத்து. கோ. எழுத்து மாதிரி.

காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் பையைக் கொண்டுபோய் வைத்தோம். மா. கற்பூரம் காட்டினாள். கோ. பையை வாங்கிக்கொண்டு, "வாங்க வாங்க, ஒக்காருங்க" என்று பையிடம் சொன்னான். "காப்பி குடிக்கறீங்களா?" என்றும் கேட்டான். அவன் பெண்டாட்டி அடித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கண்ணாடி, டிக்கெட், ஆதார், எல்லாம் பைக்குள்ளே. முழுசாகக் கிளம்பினால்தான் கிளம்பியதாம், மா. எல்லாவற்றையும் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டாள். இந்த டைரி மட்டும் தலையணைக்கு அடியில் இருந்ததால் தப்பியது. போய்க் கண்ணாடியை மட்டும் எடுத்து வரட்டுமா என்றேன்.

"கிளம்பினது திரும்பி வூட்டுக்கு வரக் கூடாதுங்க."

சரி. நாளைக்கு இந்நேரம் சென்னை. அப்பா என்பாளா. எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பிப். 21, சனி. வண்டியில்

எழுத்து ஆடுகிறது. நான் ஆடவில்லை, வண்டி ஆடுகிறது. ஜன்னல் ஓரம்.

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். ஐந்து மணிக்குக் குளித்தேன். சூலத்துக்குப் பரிகாரமாகத் தயிர் ஒரு வாய், மா. கையால். வெளியே வந்தால் கோ. வீடு பூட்டு.

கதவைத் தட்டினோம். கூப்பிட்டோம். போன் போட்டோம், அணைத்து வைத்திருக்கிறான். மா. பால் ஊற்றுகிற இடம் வரை ஓடிப்போய்க் கேட்டு வந்தாள். கோ. பெண்டாட்டியின் அக்கா ஏரியூரில் செத்துப்போய்விட்டதாம். விடிவதற்கு முன் செய்தி வந்து, வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். ஏரியூர் போய்ப் பூட்டைத் திறந்து வருவதற்குள் ரயில் சென்னையிலிருந்தே திரும்பிவிடும்.

பை உள்ளே. ஜன்னல் வழியாகத் தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, காப்பிக்குக் காத்திருப்பது போல.

மா. தலையில் அடித்துக்கொண்டாள். "என்னாலதான். சூலம் சூலம்னு நான்தான் குட்டிச்சுவராக்கினன்." பூட்டை உடைக்கக் கல் தேடினாள். சாவு வீட்டுக்குப் போனவன் வீட்டுப் பூட்டை உடைப்பதா என்றேன். ஆனால் நானும் ஒரு கல்லைப் பார்த்து வைத்தேன். சென்ட்ரலில் அமுதா நிற்பாள். வண்டி வரும். ஆள் வரவில்லை என்று போவாள். இரண்டாவது முறை வாங்க என்று சொல்வாளா? கதவில் சாய்ந்தேன்.

சட்டை எல்லாம் வெள்ளை. சாக்பீஸ்.

கொசு மருந்துக்காரர்கள் தேதி எழுதிவிட்டுப் போவார்களே, எங்கள் தெருவில் எல்லாக் கதவிலும் அது உண்டு, யாரும் பார்ப்பதில்லை. அப்படித்தான் அதுவும் என்று தட்டும்போது விட்டுவிட்டேன். இப்போது இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். பூசணிக்காய் எழுத்து. கண்ணாடியே வேண்டாம். கதவு முழுக்க, மேலிருந்து கீழே:

மச்சான்
சாவி
கோழிக்
கூடை
அடியில்

சத்தம் போட்டுப் படித்தேன். மா. அதற்குள் ஓடிக் கூடையைத் தூக்கினாள். கோழி ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம்.

இருட்டில், சாவு செய்தியோடு, வண்டி வாசலில் நிற்க, சாக்பீஸ் தேடி எழுதியிருக்கிறான். வகுப்பில் பேரை முடிக்க அரை மணி ஆகிற ஆள். திரும்பி வந்ததும் அவனை இனி கேலி செய்ய மாட்டேன். ஒரு வாரமாவது.

பையை எடுத்து வெளியே வந்தால் மா. ஈரத் துணியோடு நிற்கிறாள்.

"அழிக்காத. டீச்சர் பாக்கட்டும்."

"டீச்சருக்கு முன்னால திருடன் படிப்பான். இப்பத்தான் ஊர்ல எல்லாரும் படிக்கறீங்களே."

அழித்துவிட்டாள். அதனால்தான் இங்கே எழுதி வைத்தேன்.

ஆட்டோ. பொம்மிடி. வண்டி வர நான்கு நிமிடம் இருந்தது. நான்கு நிமிடமும் உட்காரவில்லை.

நான் படித்த பலகைகள்: சாமல்பட்டி. திருப்பத்தூர். ஜோலார்பேட்டை (நீளம், ஆனாலும் வண்டி நின்றது, முடித்துவிட்டேன்). வாணியம்பாடி பாதிதான், ஓடிவிட்டது. ஆம்பூர். காட்பாடி.

எதிரே ஒரு அம்மா, கையில் பேரன் போட்டோ, தூங்குகிறார். தயிர்ச் சோறு தின்றேன். சனிக்கிழமைக்கு இரண்டாவது தயிர்.

அரக்கோணம் வரும் முன் போன். மா. தன் போனை எனக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அ. மு. தா. பொத்தானை அமுக்கி, பேசாமல் காதில் வைத்தேன்.

"அப்பா. எங்க வந்துட்டீங்க?"

முன்பு என்றால் போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துச் சொல்லச் சொல்லியிருப்பேன். வெளியே மஞ்சள் பலகை வந்தது. முதல் எழுத்து அ. கண்ணில் தண்ணீர், அதற்கு மேல் ஓடவில்லை.

"இருடா கண்ணு," என்றேன். "படிச்சிட்டுச் சொல்றன்."

சிரிக்கிறாள். வைக்கவில்லை.