உன் கை வீக்கம் எதனால் வடிந்தது, அக்கா?

இன்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த மஞ்சள் சாரப் பொடியின் பொட்டலத்தைப் பிரித்தேன். முகக்கவசத்தையும் மீறி வாசனை ஏறியதும் உன் நினைப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. கேள்வியை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

போன வாரம் உன் மகள் போன் செய்தாள். அவளுக்கும் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கிவிட்டன. காலையில் கை மடங்கவில்லையாம், பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லையாம். "சித்தி, அம்மாக்கு மஞ்சள்லதான் சரியாச்சுன்னு அத்தை சொல்றாங்க. டாக்டர் குடுத்த கோலிய பந்த் பண்ணிரட்டுமா?" என்று, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பதைத் தன் பம்பாய்த் தமிழில் கேட்டாள். மஞ்சளைச் சோதிப்பதே என் பிழைப்பு, எனக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அந்த அத்தை யார் தெரிகிறதா? உன் நாத்தனார்தான்! உன் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த மறு வருஷம் உனக்கு விரல்கள் வீங்கின. தாராவியில் உன் கைமுறுக்குக்குத் தனிப் பேர் இருந்தது. மாவை இழுத்துச் சுற்ற விரல் வேண்டாமா? மஞ்சளை அரைத்து, நல்லெண்ணெய் விட்டுச் சுடவைத்து, நான் உன் இரண்டு கைக்கும் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தாலி அறுத்தவ கையில மஞ்சளா? பாக்கவங்க என்ன சொல்லுவாவ?"

நான் கையை எடுத்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. "நான் அறுத்தவன்னு வீக்கத்துக்குத் தெரியுமா மதினி?" என்றாய். அன்று முகம் சுளித்தவள்தான் இன்று மஞ்சளுக்குச் சாட்சி சொல்கிறாள்.

வீக்கம் வடிந்தது உண்மை. தீபாவளிக்கு நீ மறுபடி முறுக்குச் சுற்றியதை நான் பார்த்தேன். ஆனால் எது வடித்தது? மஞ்சளில் இருக்கும் குர்குமின், வீக்கத்தைக் கிளப்பிவிடும் செய்திகளை உடம்பின் செல்லுக்குள்ளேயே அடக்குகிறது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் அது சொன்ன பேச்சு கேட்கிறது. வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான். மிளகு கூடச் சேர்ந்தால் சற்று அதிகம் சேரும். தோலில் பூசினால் மூட்டு வரைக்கும் போகுமா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்.

நீ பற்றும் போட்டாய், மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டுப் பாலும் குடித்தாய், ஆஸ்பத்திரி மாத்திரையும் விழுங்கினாய். பற்று காயும்வரை மாவைத் தொட முடியாதே, அதனால் பக்கத்து வீட்டுப் பெண்கள் உன் பங்கைச் சுற்றித் தந்தார்கள். உன் விரல்கள் பிறந்ததிலிருந்து அறியாத ஓய்வை அப்போதுதான் கண்டன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கூடத்துச் சட்டம். நீ எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டாய்.

"எது கேட்டுச்சுக்கா?" என்று உன்னிடமே கேட்டேன்.

"படிச்ச மூதி, வடிஞ்சிட்டுல்லா? பொறவென்ன?" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை. அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. இனி யாரிடம் கேட்பேன்?

நேற்று சீத்தா கேம்ப் குடியிருப்பில் உன் மகள் வீட்டுக்குப் போனேன். "கோலிய நிறுத்தாத. டாக்டர கேக்காம எதையும் நிறுத்தவும் வேண்டாம், புதுசா சாப்பிடவும் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அந்த ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை. தலையாட்டிவிட்டு உள்ளே போனவள், மஞ்சள் பற்றைச் சுடவைத்துக் கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

பற்றை எடுத்து அவளுடைய ஒரு கையில் தடவத் தொடங்கினேன். எவ்வளவு அழுத்தினால் நோகும், எங்கே தொடாமல் விட வேண்டும் என்பது என் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. உன் கையில் பழகியது அது. நீ எனக்கு விட்டுப்போனதில் சந்தேகமில்லாதது அது ஒன்றுதான். கண் கலங்கியதை அவள் பார்க்காமல் குனிந்துகொண்டேன்.

"இது கேக்குமா சித்தி?"

"தெரியலம்மா."

அவள் மற்றக் கையையும் நீட்டினாள்.